பூசை அறைக்கு வெளியே முதல் பக்கம்

எங்கள் பூட்டனார் தம் கையாலேயே எழுதிய அய்யனார் கதைப்பாட்டை, பங்குனி உத்திரத்தன்று காலையில் அப்பா பூசை அறையில் உட்கார்ந்து வாசிப்பார். தாளைப் புரட்டும்போதெல்லாம் ஓரம் உதிரும். என் மகள் கைக்குப் போகும்போது என்ன மிஞ்சும் என்ற கவலை எனக்கு. போன வருடம் அப்பாவிடம் சொல்லாமல் எடுத்துப்போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண ஆல்பம் பைண்டிங் செய்பவரிடம் கொடுத்தேன்.

"ரெக்சினா, தோலா சார்?"

"ஒரிஜினல் தோலே போடுங்க."

சிவப்புத் தோல், தங்க நிறத்தில் கொடிகள், நான்கு மூலையிலும் தாமரை. ராஜபாளையம் வரும்வரை பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

உத்திரத்தன்று பூசை அறையில் நீட்டினேன். அப்பா வாங்கி முகர்ந்தார்.

"என்னலே வாசம் இது?"

"தோலுப்பா. ஒரிஜினல்."

"பெல்ட்டை வெளியே கழட்டி வச்சிட்டுத்தான் நீயே இங்க வார. இதை எப்படிலே கொண்டாந்த?"

என் மனைவி விடவில்லை. "ஏன் மாமா, கோயில் உறுமி மேளம் மட்டும் பிளாஸ்டிக்லயா செஞ்சிருக்கு?"

"உறுமி வாசல்லதாம்மா நிக்கி. உள்ளயா வருது?"

அவள் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. அந்த வருடம் வாசிப்பு நின்றுவிடுமோ என்று பயந்தேன். "இப்பவே பிச்சிருதேன்" என்று புத்தகத்தை வாங்கி வெளியே வந்து, காய் நறுக்கும் கத்தியை அட்டை மடிப்பில் விட்டு இழுத்தேன்.

"அப்பா, நிறுத்துங்க!" என்று மகள் கத்தினாள்.

முதல் தாளை அட்டையோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்திருக்கிறார்கள். காப்புச் செய்யுள் இருந்த தாள் அது. பாதி அட்டையிலேயே தங்கிவிட்டது. மீதி தூளாகத் தரையில் கிடந்தது.

அப்பா எழுந்து வந்தார். காப்பு சொல்லாமல் கதையைத் தொடங்கக்கூடாது. தோலோ உள்ளே வரக்கூடாது. அறைக்கு வெளியே, வெறும் தரையில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் செய்யுள் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் அட்டையில் இருந்ததை மட்டுமே வாசித்தார். எழுத்து போன இடத்தில் நிறுத்தி, செத்த நேரம் கழித்து அடுத்த சொல்லுக்குப் போனார்.

"அம்புட்டுதானா தாத்தா?" என்றாள் மகள்.

"இருக்கது இதுதாம்மா."

மீதித் தாள்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். கதை தொடங்கிய சத்தம் கேட்டது. நான் தரையில் கிடந்த தூளை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன்.