குழிக்கொரு நட்டு

என் கணவர் தன் பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினை மேற்கு மாம்பலம் வீட்டுக் கூடத்திலேயே பிரித்துப் போட்டிருந்தார். எந்த நட்டு எங்கிருந்து கழற்றியது என்று மறக்காமலிருக்க, இட்லித் தட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு குழி. "ஆத்துல வேற பாத்திரமே கிடைக்கலையா?" என்று தினமும் கத்துவேன். "மாட்டி முடிச்சதும் தேய்ச்சுக் குடுத்துடறேன்" என்பார். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

துணைக்கு வந்து தங்கிய நாத்தனார், காரியத்துக்காக வீட்டைக் கழுவியபோது நட்டு, வாஷர் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி மூடிவிட்டாள். உதவி என்று நினைத்துத்தான் செய்தாள், பாவம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே எஞ்சினை மாட்ட உட்கார்ந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். வேறொரு கை அதைத் தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை. வாஷர்களெல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. எஞ்சின் மூடியை ஒரு பக்கம் முடுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொண்டது. எரிச்சலில் ஸ்பானரை விட்டெறிந்தேன்.

சத்தம் கேட்டு நாத்தனார் சமையலறையிலிருந்து வந்தாள். கையில் அந்தத் தட்டு பளபளவென்று இருந்தது.

"புளி போட்டுத் தேய்ச்சுட்டேன் மன்னி, எண்ணெய்க் கறையே இல்லே. இனிமே தாராளமா இட்லி வார்க்கலாம்."

யாருக்கு?