எங்கப்பாவ என்ன பண்ணீங்க?

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். சம்பளத்துக்கு நான் ஃபிட்டர். மற்ற நேரமெல்லாம் கோமாளி. மேலதிகாரி போலப் பேசுவேன், கேன்டீன் பூனை போலக் கத்துவேன். நான் வாயைத் திறந்தாலே சிரிக்க நாலு பேர் தயாராக இருப்பார்கள்.

முதலில் வந்தது ரத்தம். ஒரு காலையில் இட்லியைக் கடித்துவிட்டுப் பார்த்தால், வெள்ளை இட்லியில் பல் வரிசை சிவப்பாகப் பதிந்திருந்தது. வலி துளியும் இல்லை. வேறு யாரோ கடித்துவிட்டுப் போனதுபோல இருந்தது. புத்தியுள்ளவன் பயந்திருப்பான். நான் உதட்டோரம் ரத்தத்தை வழியவிட்டு, கண்ணை உருட்டி, "ரத்தக் காட்டேரி வந்திருக்கேன்!" என்று என் ஆறு வயது மகளைத் துரத்தினேன். அவள் வீறிட்டுக்கொண்டே சிரித்தாள்.

"வெளையாட்டுக்கும் ஒரு அளவு இல்லையா? டாக்டர்ட்ட காட்டுங்க" என்றாள் மனைவி. நானோ கல் உப்பை விரலில் எடுத்து ஈறில் அழுத்தித் தேய்த்துக்கொண்டேன். தூத்துக்குடிக்காரனுக்கு உப்பைவிடப் பெரிய வைத்தியமா? ஊரிலிருந்து மூட்டையாகவே வரும்.

அடுத்து குரல் மாறியது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத் தடித்த, இழுவையான குரல். பட்டறையில் நுழைந்து வணக்கம் சொன்னேன். புது மிமிக்ரி என்று நினைத்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடிப்பில்லை என்று அதே குரலில் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். சரி, கைதட்டல் கிடைக்கிறதே என்று நானும் அதை நடிப்பாகவே வைத்துக்கொண்டேன். வீட்டில் மகள் மட்டும் அந்தக் குரலைக் கேட்டாலே அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

அக்னி நட்சத்திரத்தில் எனக்குக் குளிர ஆரம்பித்தது. ஊரே வியர்த்து ஒழுக, நான் ஸ்வெட்டரோடு போனேன். பக்கத்து மெஷினில் வேலை பார்த்த திருமுல்லைவாயில்காரர் விடவில்லை.

"இன்னா மாமே, ஊட்டிக்கா போறே?"

"குளுருதுப்பா."

"மூஞ்சி வேற வீங்கிகினு கீது. உள்ள வேற ஆளு எவனாச்சும் பூந்துகினானா?"

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக் கண்ணாடியில் பார்த்தேன். உப்பிய முகம். புருவங்களின் வெளி ஓரத்தில் முடி உதிர்ந்துபோயிருந்தது. சிரித்துப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்தபோது நடுப்பகல். தெருவில் ஒரு நாய்கூட இல்லை, ஓர் இலைகூட அசையவில்லை. மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். உள்ளே மகள் மட்டும். கதவைத் தட்டினேன்.

"பாப்பா, அப்பா வந்திருக்கேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தாம்மா. கதவைத் தெற."

"எங்கப்பா இப்டி பேச மாட்டாங்க."

"அப்பாதான்டா செல்லம்."

"நீங்க காட்டேரி." அவள் குரல் உடைந்தது. "எங்கப்பாவ என்ன பண்ணீங்க?"

அந்த வெயிலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அதற்கு மட்டும் என்னிடம் ஒன்றும் இல்லை. மனைவி வரும்வரை வாயே திறக்காமல் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

திங்களன்று அம்பத்தூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். பற்கள் ஆட ஆரம்பித்திருந்தன. "ஜாக்கிரதை மேடம், கடிச்சிருவேன்" என்றேன் வழக்கம்போல. அவர் சிரிக்கவில்லை. பல மாதங்களில் என் பேச்சுக்குச் சிரிக்காத முதல் வெளியாள் அவர்தான். ஈறைப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் கழுத்தைப் பார்த்தார்.

"இந்தக் குரல் எப்போலேர்ந்து?"

சொன்னேன். ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் தண்ணீரும் கொடுத்தார். "முழுங்குங்க. முழுங்கும்போது கழுத்தைப் பாருங்க."

விழுங்கினேன். தோலுக்கு அடியில் முட்டையளவு ஏதோ ஒன்று மெல்ல மேலே ஏறி, மெல்லக் கீழே இறங்கியது. அத்தனை நாளும் அது என்னோடுதான் இருந்திருக்கிறது.

"என்ன உப்பு சாப்பிடுறீங்க?"

"சுத்தமான கடலுப்பு, மேடம். ஈறுல தேய்க்கிறதும் அதுதான்."

"மீன்?"

"அந்த வாசனையே ஆகாது. வீட்ல மனைவியும் பொண்ணும் மட்டும் சாப்பிடுவாங்க."

"கடலுப்புல அயோடின் நெறைய இருக்குன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. பேருக்குத்தான் இருக்கும். அது கொறைஞ்சா கழுத்துல தைராய்டு சுரப்பி வீங்கி மந்தமாயிடும். இந்தக் குரல், மூஞ்சி வீக்கமெல்லாம் அது மாதிரிதான் தெரியுது. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க."

"ஈறுல ரத்தமும் அதனாலதானா?"

"அடிச்சுச் சொல்ல மாட்டேன். சம்பந்தம் இருக்கலாம். நீங்க உப்பு போட்டுத் தேய்ச்சதும், பல்லுல காரை சேர்ந்ததும்கூட காரணந்தான். ரெண்டையும் பாப்போம்."

ரத்தப் பரிசோதனையில் அவர் சந்தேகம் சரியென்று தெரிந்தது. தினமும் மாத்திரை, அயோடின் கலந்த பாக்கெட் உப்பு, பல்லுக்கு நாலு முறை சுத்தம். இரண்டு பற்கள் போயே போய்விட்டன. தீபாவளி நெருங்கும்போது குரல் திரும்பியது, ஈறும் ஆறியது. எது எதனால் குணமானது என்று எனக்கு இன்றும் தெரியாது. மகள் மட்டும் ரொம்ப நாள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வந்தாள்.

இப்போதும் யாராவது தன் உடம்பையே கிண்டல் செய்து ஊரைச் சிரிக்கவைத்தால் நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன், ஆனால் கூட்டம் கலைந்ததும் அவரைத் தனியே நிறுத்தி, "நெசமாவே என்ன செய்யுது?" என்று கேட்காமல் என்னால் அங்கிருந்து நகர முடிவதில்லை.