இடது பக்கக் கண்ணாடி

கீழே இறங்கத் தெரிந்த கண்ணாடிக்கு மேலே ஏறத் தெரியவில்லை. அந்த ஒரு வாரம் என் உயிரை வாங்கியது இதுதான்.

மதுரை சாலையை நான்கு வழியாக்குகிறோம் என்று குடைந்து போட்டிருந்த வருடங்கள் அவை. நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருந்தேன். முன்கதவு இரண்டிலும் சுவிட்சை அமுக்கினால் கண்ணாடி ஏறும், இறங்கும். கையால் சுற்றி ஏற்றுகிற வண்டியே போதும் என்று மனைவி சொன்னாள். கேட்டிருக்கலாம்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருவது நானா தபால்காரரா என்பதைக் குரலை வைத்துத்தான் சொல்வாள். ஆபரேஷன் என்று வாயெடுத்தால் இரண்டு வருடமாக ஏதாவது ஒரு சாக்கு. சித்தையன்கோட்டையில் அவளுக்குத் தெரிந்த ஒருத்தி ஆபரேஷன் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது கண்ணில் புழுதி விழுந்து சீழ் பிடித்துவிட்டதாம். அதை நினைத்து நினைத்தே பயந்துகொண்டிருந்தாள். கார் வாங்கிய பிறகு ஒரு நாள் அவளாகவே சொன்னாள்.

"கண்ணாடிய நல்லா ஏத்திவிட்டு, புழுதி அண்டாமக் கூட்டிட்டு வாரதா இருந்தா நா வாரேன். இல்லாட்டி ஆள விடு."

மனசு மாறுவதற்குள் மதுரை ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிவிட்டேன். ஆயுதபூஜை முடிந்து அடுத்த வாரம், புதன்கிழமை.

ஆயுதபூஜைக்கும் ஒரு குறை வைக்கவில்லை. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாம் முறைப்படி செய்தோம். அந்தப் பூஜைக்குக் கிடைத்த பலன்தான் இந்தக் கண்ணாடி.

வெள்ளிக்கிழமை ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், சாலையோரம் கொய்யாப்பழம் வாங்க நிறுத்தினேன். என் பக்கத்து சுவிட்சை அமுக்கினால் இடது கண்ணாடி அசையவில்லை. எட்டி அந்தக் கதவிலேயே இருந்த சுவிட்சை அமுக்கினேன். சர்ரென்று இறங்கியது. பழம் வாங்கிவிட்டு ஏற்றினேன், ஏறவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், கதவை ஒரு அறை விட்டேன். எனக்குத்தான் கை வலித்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் வண்டியின் பக்கத்தில்கூட வரவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"மோட்டாரு போச்சு சார்."

நானும் தலையை ஆட்டினேன். கதவின் உள்பலகையைப் பிய்த்ததில் கிளிப்புகள் நாலு உடைந்தன. மதுரையிலிருந்து வேறொரு மோட்டார் வந்து சேரச் சனிக்கிழமை சாயங்காலம் ஆனது. மாட்டினார், அமுக்கினார். கண்ணாடி அப்படியே இருந்தது.

"ஒருவேள இந்த மோட்டாரும் போயிருக்குமோ?" என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அதையும் கழற்றி, இரண்டு மோட்டாரையும் என் கையில் கொடுத்து, கண்ணாடியைக் கையால் மேலே தள்ளி, உள்ளே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார்.

"இப்பிடியே மதுரைக்குப் போயிட்டு வாங்க சார். ஒண்ணும் ஆவாது."

பேகம்பூர் வேகத்தடை வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே ஒரு குதி குதித்ததும் கட்டை நழுவி, கண்ணாடி தொப்பென்று கதவுக்குள் விழுந்தது. அன்றைக்கென்று பார்த்து மழையும் வந்தது. பிளாஸ்டிக் தாளை ஒட்டினேன், காற்று அதையும் கொண்டுபோனது.

மறுநாள் காலை, வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன் என்று அம்மா வந்துவிட்டாள். ஏறியதும் இருக்கையைத் தடவினாள்.

"என்னப்பா, இம்புட்டு ஈரமா இருக்கு?" பிறகு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். கண்ணாடி தட்டவில்லை. அவள் முகத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். "சரி விடு. தையில பாத்துக்கிருவோம்."

"எந்தத் தையில? போன தையில சொன்னியே, அந்தத் தையா?" என்று கத்திவிட்டேன். அவள் கதவைத் தடவிப் பிடித்து இறங்கி உள்ளே போனாள். தை வராது, புரை முற்றிக் கண்ணே போனாலும் வராது என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, பழனி சாலையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் நேரே கதவுக்குப் போனார். பாட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்துப் புது மோட்டாரில் வைத்தார். ஓடியது. பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி வைத்தார். அதுவும் ஓடியது.

"சுவிட்சப் பாத்தீங்களா சார்?"

"என் பக்கத்து சுவிட்சுலயும்தான் வேல செய்யல. ரெண்டு சுவிட்சும் ஒரே நாள்ல எப்பிடிங்க போகும்?" என்றேன், பெரிய ஞானி மாதிரி.

"நீங்க அங்கிட்டிருந்து அமுக்குனாலும் கரண்டு இந்தக் கதவு சுவிட்சுக்குள்ள புகுந்துதான் சார் மோட்டாருக்குப் போகுது."

தொடர் இணைப்பு. இருபது வருடமாகக் கரும்பலகையில் நான் வரைந்துகொண்டிருக்கிற படம். ஒன்று விட்டால் எல்லாம் போகும் என்று பரீட்சைக்குக் கேள்வியும் கேட்பேன். அவர் அதைச் சாவகாசமாகச் சொல்லிவிட்டு சுவிட்சைப் பிரித்தார். உள்ளே செப்புத் தகடுகளின் மேல் மஞ்சளாக எதுவோ காய்ந்து பாறையாகிக் கிடந்தது. நகத்தால் கிள்ளி மோந்து பார்த்தார்.

"சந்தனம் சார். ஆயுதபூஜ முடிஞ்சா பத்து நாளைக்கு எனக்கு இதான் பொழப்பு. ஆனா இம்புட்டு வச்சு நா பாத்ததில்ல."

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. தன்னை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிற வண்டி, அதனால் தன் கையால்தான் வைப்பேன் என்று அம்மா நின்றாள். இடது கையால் தடவித் தடவி, கைக்குத் தட்டுப்பட்டதற்கெல்லாம் வலது கையால் சந்தனம் வைத்தாள். "சுவிச்சு எங்கப்பா?" என்று கேட்டபோது, அவள் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தவனே நான்தான். ஒரு கையில் தட்டும் எரிகிற சூடமுமாக நின்றேன், சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. எவ்வளவு அப்புகிறாள் என்று நான் பார்க்கவில்லை. அவளால் பார்க்க முடியாது. மூன்று நாளாக ஊரில் இருக்கிற மெக்கானிக்கை எல்லாம் திட்டிக்கொண்டிருந்த எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

பெட்ரோல் தொட்டுத் துடைத்து, உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். பழைய மோட்டாரையே திரும்ப மாட்டினார். கண்ணாடி எதுவுமே நடக்காததுபோல ஏறியது.

புதன்கிழமை கண்ணாடியைக் கடைசிவரை ஏற்றிக்கொண்டு மதுரை போனோம். ஒரு கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கண் கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது வெளியே லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின, உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. கொடைரோடு தாண்டியதும் அம்மா கதவைப் பார்த்தாள். சுவிட்சைச் சுற்றி இருந்த இடுக்கில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டினாள்.

"எந்தக் கூறுகெட்டவன்ப்பா இதுல சந்தனத்த இப்பிடி அப்பி வச்சது?"

"நாந்தாம்மா."

"நீ எங்க வச்ச? நீ தட்டப் புடிச்சிக்கிட்டுல்ல நின்ன."

விரல் நுனியில் ஒட்டியிருந்த சந்தனத்தை முகத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தாள். சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"ஒரு பொட்டுத்தான் வச்சேன்னு நெனச்சேன்" என்றாள். விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "அடுத்த கண்ணுக்கு எப்ப நாள் வாங்குற?" என்று கேட்டாள்.