தில்சரி போட்ட எண்ணெய்க்கோடு

நேபாளத்தின் ரோல்பா மலைகளில் தில்சரி கர்த்தியைப் போல ஒரு பிடிவாதக்காரி பிறந்ததே இல்லை. எதிரே வந்த கரடியை முறைத்தே திருப்பி அனுப்பியவள். சரி, கரடி என்பது கொஞ்சம் அதிகம். பக்கத்து வீட்டு எருமை. ஆனால் முறைத்தது நிஜம்.

மேட்டுப் பாதையில் அவளுக்கு ஒரு டீக்கடை. காலையில் ராணுவத்தார் குடிப்பார்கள், சாயங்காலம் மாவோயிஸ்டுகள். ஒருநாள் வாய்ப்பழக்கத்தில் ராணுவ அதிகாரியைப் பார்த்து முஷ்டியை உயர்த்தி, மாவோயிஸ்டுகளுக்குச் சொல்வதுபோல் "லால் சலாம்" என்றுவிட்டாள். உயர்த்திய கையாலேயே உத்தரத்தில் இல்லாத சிலந்தியை அடித்துத் தப்பித்தாள். வெளியாட்களை இப்படிச் சமாளித்துவிடலாம். கூடப் பிறந்த இரண்டைத்தான் சமாளிக்க முடியவில்லை. அண்ணன் ஹஸ்தபீர் ராஜாவின் படையில் ஹவில்தார். தம்பி கர்ணஜித் மாவோயிஸ்ட் படையில்.

திஹார் பண்டிகையின் கடைசி நாளில் அண்ணன் தம்பிகளை உட்காரவைத்து, சுற்றிலும் கடுகெண்ணெயால் கோடு போட்டு, நெற்றியில் ஏழு நிறப் பொட்டு வைக்கவேண்டும். அந்தக் கோடு அழியாதவரை எமன் உள்ளே வரமாட்டான். ஆறு வருடமாக ஒருவன் வந்தால் மற்றவன் வரவில்லை. துப்பாக்கி பிடித்த இருவரில் யாரை எமனுக்கு விட்டுக்கொடுப்பது என்று தில்சரி புழுங்கிக்கொண்டே இருந்தாள்.

அந்த வருடம் மாவோயிஸ்டுகள் சண்டை நிறுத்தம் அறிவித்திருந்தார்கள்; ராணுவம்தான் அதை ஏற்கவில்லை. சொல்லியனுப்பி, அழுது, மிரட்டி, இருவரையும் வரவழைத்துவிட்டாள். வாடாமல்லி மாலைகள் தயார். அண்ணி தன்சரா அடுப்படியில் சேல் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் உட்காரவில்லை.

"கர்ணே, அண்ணன் பக்கத்துல உக்காருடா."

"என் பேரு தோழர் பிஜுலி, அக்கா."

"ஊருக்கு ஒரு கரண்ட் கம்பம் கிடையாது, இவரு பேரு மின்சாரமாம்!" என்றான் ஹஸ்தபீர்.

"ராஜாவுக்கு சல்யூட் அடிச்சு அடிச்சு உன் கை மடங்கியே போச்சு அண்ணே. சாப்பிடவாவது நீட்ட முடியுதா?"

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு உக்காருங்க, பொட்டு வெக்கணும்!" என்றாள் தில்சரி.

"எமன், கோடு, இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு கட்சி சொல்லுது அக்கா."

"சின்ன வயசுல உனக்கு மூக்கு சிந்தி விட்டது கட்சியாடா?"

நின்றபடியே கத்தினார்கள். தில்சரி எண்ணெய்ச் செம்பை எடுத்து, இருவரையும் சேர்த்து ஒரே கோடு போட்டுவிட்டாள். "இதை மிதிக்கிறவன் என்னை மிதிச்ச மாதிரி!" மிதிக்கவில்லை, உள்ளே நின்றே சண்டையைத் தொடர்ந்தார்கள். இருவரும் பனைமர உயரம். குள்ளச்சி தில்சரிக்கு நெற்றி எட்டவில்லை. எம்பிப் பார்த்தாள். மஞ்சள் பொட்டு ஹஸ்தபீரின் மூக்கில் விழுந்தது.

அப்போது கீழ்ப்பாதையில் நாய்கள் குரைத்தன. ராணுவ ரோந்து. தம்பி சிக்கினால் சுடுவார்கள். அவனோடு நின்ற குற்றத்துக்கு அண்ணனுக்குச் சிறை. கர்ணஜித் பின்பக்கம் மாட்டுக்கொட்டில் வழியாக மறைந்தான். ரோந்தைப் பேச்சுக் கொடுத்து நிறுத்த ஹஸ்தபீர் முன்வாசல் வழியாக ஓடினான், மூக்கில் மஞ்சளோடு.

தட்டில் மீதி ஆறு நிறங்களும் அப்படியே இருந்தன. தில்சரி தட்டைத் தரையில் டங்கென்று வைத்தாள்.

"ஆறு வருஷம் அண்ணி! கடைசியில ரெண்டு கழுதையும் கோட்டை மிதிச்சு அழிச்சிட்டுப் போயிடுச்சு. இனிமே எமனுக்கு என்ன தடை?"

தன்சரா கரண்டியோடு எழுந்துவந்து, குனிந்து, கோட்டைச் சுற்றிலும் ஒருதரம் பார்த்தாள்.

"மிதிக்கலை தில்சரி. நான் பாத்துட்டுதான் இருந்தேன். தாண்டிக் குதிச்சாங்க. உன் தம்பியுந்தான்."