குவிமாடமும் தண்ணீர்த் தொட்டியும்

செய்தி வந்தபோது காலை பத்து நாற்பது. எட்டாம் வகுப்புக்காகக் கரும்பலகையில் தவளையின் இதயத்தை வரைந்துகொண்டிருந்தேன். பாடம் நடக்கும்போது நான் தொலைபேசியை எடுப்பதில்லை. மூன்றாவது முறையும் அதிர்ந்ததால் எடுத்தேன். படகோட்டி ஜிலாலி அண்ணனின் மனைவி மன்னானா.

"படகைக் கரையேத்திட்டு இருந்தாரு, தங்கச்சி. மூச்சு வாங்குதுன்னு உக்காந்தாரு. எந்திரிக்கவே இல்ல."

அன்று பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயது.

எங்கள் ஊர் மெர்ஜாவில், கடலும் ஆறும் கலந்து தேங்கும் அந்தச் சதுப்பு நிலப் பூங்காவில், படம் எடுக்க வருகிறவர்களை ஏற்றிப்போக நாற்பதுக்கு மேல் படகுகள் இருந்தன. ஆனால் ஜிலாலி அண்ணனின் படகுக்குத்தான் காத்திருந்தார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பறவைகளின் லத்தீன் பெயர்களைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தார். ஆட்களைப் பெயரால் நினைவு வைத்துக்கொள்ள மாட்டார், லென்ஸை வைத்துத்தான். "போன வருஷம் வந்தாரே, பீரங்கிக்காரர்? அவரு தும்மினதுல பூநாரை மொத்தமும் எந்திரிச்சுப் போயிடுச்சு" என்பார். சிவப்புச் சட்டையோடு வந்தால் ஏற்ற மாட்டார். "கல்யாணம் அந்தப் பக்கம் நடக்குது, இங்க இல்ல" என்று கரைக்குக் கை காட்டுவார். வண்டல் கலையாதபடி கழியை நீரில் இறக்குவார். அவர் படகு நகர்வது நமக்கே தெரியாது, நாணல்தான் பின்னால் போவதுபோல் இருக்கும்.

பதினொரு வருடம், ஞாயிறுதோறும் கேமராவோடு அந்தப் படகில் நான் போயிருக்கிறேன். என் அப்பாவும் படகோட்டிதான் என்பதால் என்னிடம் அவருக்கு உரிமை அதிகம். சில்லென்ற மார்கழிக் காலைகளில் மாசிப்பச்சை போட்ட கசப்புத் தேநீரைக் குடுவையிலிருந்து ஊற்றித் தந்து, "குடி, டீச்சர். பிள்ளைங்கள அதட்டத் தெம்பு வேணும்ல" என்பார்.

எங்கள் மெர்ஜாவில் சதுப்பு ஆந்தை உண்டு. கண்டத்தின் வடபகுதியில் அது மிஞ்சியிருக்கும் இடங்கள் மிகக் குறைவு என்பார்கள். தரையில், புல்லைக் கூரைபோல் வளைத்து அதற்குள் முட்டையிடும். அது கூடு கட்டும் இடத்தை ஜிலாலி அண்ணன் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு என்னை மட்டும் கூட்டிப்போனார். கூட்டுக்கு நூறடி முன்னாலேயே கழியை ஊன்றி நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல போனா அவங்க வீட்டுக் கதவத் தட்டுற மாதிரி" என்றார்.

சாயங்கால வெளிச்சத்தில் ஆந்தை எலியோடு தாழப் பறந்து வந்து புல்லுக்குள் இறங்கியது. பெரிய லென்ஸில் எடுத்தால் பின்னணி கரைந்துபோகும். எனக்குப் பின்னணியும் வேண்டியிருந்தது. சிறிய லென்ஸை மாட்டி, எட்ட இருப்பதும் தெளிவாக விழும்படி அதன் ஒளித்துளையைச் சுருக்கினேன். தூரத்தில், எங்கள் ஊரைக் காப்பவர் என்று நம்பும் ஞானியின் சமாதி தெரிந்தது. அதன் வெள்ளைக் குவிமாடத்துக்கு நேர் மேலே, தொப்பி வைத்ததுபோல், ஊர்த் தண்ணீர்த் தொட்டி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, அவற்றின் கீழே இறங்கும் ஆந்தை. அப்படி ஒரு படம் எனக்கு அதற்கு முன்னும் அமையவில்லை, பின்னும் அமையவில்லை.

வெளியூர்க்காரருக்கு அது அழகான பின்னணி. எங்கள் படகோட்டிகளுக்கு அது முகவரி. வலை போட்ட இடத்தை அவர்கள் எழுதி வைப்பதில்லை. கரையில் இரண்டு பொருள் எந்த இடத்தில் ஒரே கோட்டில் விழுகிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்வார்கள். குவிமாடத்தின் மேல் தொட்டி உட்காரும் கோடு மெர்ஜாவில் ஒன்றுதான். அதிலேயே படகைத் தள்ளிக்கொண்டு போனால் கூடு வந்துவிடும். படகோட்டியின் மகளுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். பூங்காக் காப்பாளர் ஸெரூவாலி ஒரு பிரதி கேட்டார். பெரிதாக்கி, படகோட்டிகள் வந்துபோகும் அவர் அறையில் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். ஜிலாலி அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குவிமாடம் நல்லா விழுந்திருக்கு" என்றார்.

பத்தே நாளில் கத்தூர் என்ற படகோட்டி நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அந்தக் கோட்டிலேயே போனான். ஒலிபெருக்கியில் ஆந்தையின் குரலைப் போட்டுப் போட்டு மூன்று நாள் படம் எடுத்தார்கள். நான்காம் நாள் ஜிலாலி அண்ணன் போய்ப் பார்த்தபோது, ஆந்தை விட்டுப்போன கூட்டில் மூன்று முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன.

காப்பாளர் எல்லோரையும் கூப்பிட்டார். என்னையும்தான். "படகோட்டிகள்ல கூடு இருந்த இடம் உனக்கு மட்டும்தான் தெரியும், ஜிலாலி. நீ சொல்லாம வேற யாரு சொன்னா?"

"நான் சொல்லலங்க."

"அப்போ ஆந்தையே போய்க் கூட்டிட்டு வந்துச்சா?"

படகோட்டிகள் சிரித்தார்கள். கத்தூர் தரையைப் பார்த்தான். எதைப் பார்த்து வழி கண்டான் என்று சொல்ல அவனுக்கு என்ன அவசியம்? ஜிலாலி அண்ணன் காப்பாளரின் தலைக்கு மேல் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த தன் தொப்பியைப் பார்த்தார். போட்டி முடிவு வர இரண்டு வாரம் இருந்தது. கூட்டைக் காட்டிக்கொடுத்த படம் என்று தெரிந்தால் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பறவைகள் தங்கும் உள்மெர்ஜாவுக்குப் போகும் அனுமதியை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். படகின் முகப்பில் இருந்த அனுமதி எண்ணை அவரே தன் கத்தியால் சுரண்டி எடுத்தார். அதன் பிறகு மணல்திட்டுக்குக் குளிக்கப் போகும் குடும்பங்களைத்தான் ஏற்றினார். போட்டியில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காத பிறகும் நான் சொல்லவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று வெட்கமாக இருந்தது. இரண்டு வருடம் ஓடிவிட்டது.

தேநீர்க் கடையில் அவரைப் பார்த்தாலே கத்தூர் ஆரம்பிப்பான். "வாங்கப்பா, ஆந்தை வியாபாரி வந்துட்டாரு!"

"உன்னை வித்தாக்கூட ஒரு முட்டை தேறாதுடா" என்பார் இவர். எல்லோரும் சிரிப்பார்கள். அதே கடையில் என்னைக் கண்டால் குடுவையைத் திறந்து, "குடி, டீச்சர்" என்பார்.

அவர் இறந்த மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் படகோட்டிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். கோதுமைக் குஸ்குஸ் தட்டுகளை நான்தான் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். இறந்தவர் மேல் யாருக்காவது குறை இருந்தால் பொறுத்துக்கொண்டதாகச் சொல்வது எங்கள் வழக்கம். கத்தூர் வாசலில் நின்று, நெஞ்சில் கை வைத்து, மன்னானாவிடம் சொன்னான். அவன் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது.

"அந்த ஆந்தை விஷயத்த நாங்க எல்லாரும் மன்னிச்சுட்டோம், அக்கா. மேல போனவருக்கு அந்தப் பாரம் வேணாம்."

தட்டு என் கையில் சுட்டது. கீழே வைத்தேன்.

"நீ எப்படிக் கூட்டைக் கண்டுபிடிச்ச, கத்தூர்? இப்பச் சொல்லு."

அவன் விழித்தான். "அது... படத்துல இருந்துச்சு. குவிமாடமும் தொட்டியும்."

"அது யாரு எடுத்த படம்?"

அவன் என் பக்கம் திரும்பினான். "நான் எடுத்தது" என்றேன். "அவரு யாருகிட்டயும் சொல்லல. தெரிஞ்சேதான் எடுத்தேன். அவரைக் கேட்டப்ப நானும் அந்த ரூம்லதான் நின்னேன்."

மன்னானா என் தோளைத் தொட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும், தங்கச்சி. அன்னைக்கே வந்து சொன்னாரு. நான் சண்டை போட்டேன், போய்ச் சொல்லுங்கன்னு. 'அவளே சொல்லுவா, கொஞ்சம் நேரம் ஆகும்'னாரு."

அதற்கு அவள் திட்டியே இருக்கலாம்.

மறுநாள் காப்பாளரிடம் போய் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். நாற்காலியைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். "இத்தனை நாள் என் தலைக்கு மேலயே இருந்துச்சு" என்றார். பிறகு, "இறந்தவருக்கு அனுமதி கொடுக்க எங்ககிட்ட படிவம் கிடையாது, டீச்சர். ஆனா படகு சாகலையே. நம்பரைத் திரும்பப் போட்டுக்கச் சொல்லுங்க."

படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"அவரு சுரண்டின இடத்துல நீயே எழுது" என்றாள் மன்னானா. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சாயமும் தூரிகையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். நீலப் பலகையில் கத்தி போன தடம் ஆழமாக இருந்தது. சாயம் அதற்குள் இறங்கிக்கொண்டே போனதால் முதல் இலக்கத்தையே மூன்று தடவை பூச வேண்டியிருந்தது. அதற்குள் கடல் பக்கமிருந்து மழை வந்துவிட்டது. ஐந்து நாளாக விடவில்லை. பலகை இன்னும் ஈரம், சாயம் பிடிக்காது.

அவர் படகின் எண் 47. 4 எழுதியிருக்கிறேன். 7 இன்னும் எழுதவில்லை.