நான் போகாத கல்லூரி

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் இலங்கை மலைநாட்டில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்ன கிளாக்கர், அதாவது இளைய குமாஸ்தா. கல்யாணமாகி எட்டு மாதம். ஆபீசுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் நானும் மனைவியும் குடியிருந்தோம்.

மெட்ரிகுலேஷன் தேறியிருந்த எனக்கு வர்த்தகப் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி. பட்டம் இருந்தால் கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனியில் அக்கவுண்டன்ட் ஆகலாம். இல்லாவிட்டால் பெரிய கிளாக்கர் ஓய்வு பெறும்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் ஒரே வாரத்தில் இரண்டு வழிகள் திறந்தன. திருச்சியிலிருந்து சித்தப்பா எழுதியிருந்தார்: அங்கே ஒரு கல்லூரியில் பி.காம். படிக்க இடம் வாங்கிவிட்டார், மூன்று வருடம், அவர் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், ஆனி மாதத்துக்குள் வந்து சேர வேண்டும். இன்னொன்று, லண்டன் பல்கலைக்கழகப் பட்டப் பரீட்சைக்கு வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வழி. பாடங்கள் தபாலில் வரும். மாதம் ஒரு சனிக்கிழமை கண்டியில் வகுப்பு. ஆறு வருடமாவது பிடிக்கும், பாதியில் விட்டுவிட்டவர்கள்தான் அதிகம் என்று கேள்வி.

முழு நேரம் என்றால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் குவார்ட்டர்ஸையும் விட வேண்டும். மனைவி கொத்மலைப் பக்கம் அவள் அப்பா வீட்டில் மூன்று வருடம் இருக்க வேண்டும். பகுதி நேரம் என்றால் எல்லாம் அப்படியே இருக்கும், நானும் அப்படியே இருந்துவிடுவேனோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

ஒரு மாதம் இந்த யோசனையிலேயே அலைந்தேன். காலையில் திருச்சி என்று முடிவு செய்வேன், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது மாறிவிடும். ஆபீசில் இரண்டு கடிதங்களை உறை மாற்றிப் போட்டு அனுப்பி, தோட்டத்து மேனேஜர் துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ஒரு நாள் மனைவி சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"போனா மூணு வருஷம். போகாட்டி ஆறு வருஷம். எதுன்னாலும் நான் இருந்துக்குவேங்க. ஆனா நீங்க இப்படி சாப்பிடாம கெடக்கிறதத்தான் என்னால பாக்க முடியல. ஏதோ ஒண்ண சொல்லிப்புடுங்க."

"திருச்சி" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அன்று பாத்திரங்களை வழக்கத்தைவிட வெகு நேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்து கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இந்தியா போய்வர அனுமதிப் பத்திரம் கைக்கு வந்ததும் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். பல்வலி என்று பெரிய கிளாக்கரிடம் பொய் சொல்லி லீவு எடுத்து, முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்துத் தமிழர்கள் எல்லாரும், நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று குடியுரிமைக்கு மனுப் போட்டு நிரூபிக்க வேண்டியிருந்த காலம் அது. இங்கேயே பிறந்த நானும் மனுப் போட்டிருந்தேன். விசாரணைக்கு எப்போதாவது கூப்பிடுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அதை மனதில் ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்தேன். என் மனதெல்லாம் படிப்பு. மூன்றா, ஆறா என்பதைத் தவிர வேறு கணக்கே தெரியவில்லை.

மனுக்களையும் அனுமதிப் பத்திரங்களையும் பார்க்கிற அரசாங்க அலுவலகத்தின் வாசலில் நீண்ட வரிசை. மூடுபனி இன்னும் கலையவில்லை. எனக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என்னிடம் வந்தார். தலையில் கம்பளியை மடித்துப் போட்டிருந்தார், கையில் ஒரு பழுப்பு உறை.

"ஐயா, இத கொஞ்சம் படிச்சு சொல்றீங்களா?"

வரிசையில் இடம் போய்விடுமே என்ற எரிச்சலில், "உள்ள கேளுங்க அக்கா" என்றேன்.

"உள்ள கேட்டேங்க. சிங்களத்துல சொன்னாங்க, பெறகு இங்கிலீசுல சொன்னாங்க. ரெண்டும் எனக்கு வெளங்கல. நீங்க கோட்டு போட்டுருக்கீங்க, பையில பேனாவும் இருக்கு. அதான் வந்தேன்."

கடிதம் அவருடைய கணவரின் பெயருக்கு வந்திருந்தது. கணவர் காய்ச்சலில் படுத்திருந்ததால் இவர் எடுத்து வந்திருக்கிறார். ஆபீசில் துரையின் உத்தரவைத் தமிழில் சொல்வேனே, அதே குரலில் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன். உங்கள் கணவரின் மனுவை ஏற்க முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அவர் தொடர்ந்து இந்த நாட்டில் இருக்கவில்லை. நடுவில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்தியாவில் இருந்திருக்கிறார். மறுத்துச் சொல்ல ஏதாவது இருந்தால் மூன்று மாதத்துக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

"அவரு அப்பாவுக்கு சீக்குன்னுதானுங்களே போனாரு" என்றார் அவர். "தோட்டத்துல சொல்லிட்டுத்தான் போனாரு. சாவு, கருமாதி எல்லாம் முடிச்சிட்டுத்தானே வர முடியும். பதினாலு மாசத்துல வந்துட்டாருங்க. அந்த ரெண்டு மாசத்துக்கா?"

கடிதத்தில் அந்த வரியையே மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எனக்காகப் படித்தேன். பதினான்கு மாதத்துக்கே இப்படி என்றால் முப்பத்தாறு மாதத்துக்கு?

"ஏங்கய்யா நிறுத்திட்டீங்க? இன்னும் மோசமா போட்டிருக்கா?"

"இல்ல அக்கா. அவ்வளவுதான்."

வரிசை நகர்ந்து என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியிடம், படிப்புக்காக மூன்று வருடம் போனால் என் மனு என்ன ஆகும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "தாராளமாகப் போகலாம். போவதை யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வருவதைப் பற்றி நான் எந்த உறுதியும் தர முடியாது" என்றார். அனுமதிப் பத்திரம் எதுவும் கேட்காமல் வெளியே வந்தேன்.

அந்த அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கடைவீதியில் ஒரு முஸ்லிம் பெரியவரின் கடைக்கு அழைத்துப் போய், காகிதம் வாங்கி, மேசை ஓரத்தில் நின்றபடியே பதில் எழுதினேன். அவருடைய மாமனாரின் நோய், சாவு, கணவர் திரும்பி வந்து அதே தோட்டத்தில் வேலை செய்வது, இங்கே பிறந்த பிள்ளைகள், எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். கணவரிடம் எங்கே கைநாட்டு வாங்க வேண்டும் என்று காட்டினேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொண்டிருந்தபோது என் மனதில் இருந்தது நிம்மதி. அவர் வீட்டில் விழுந்த இடி என்னைக் காப்பாற்றிவிட்டதே என்ற நிம்மதி. அவரோ மடியிலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்து, "படிச்ச புள்ளைங்க, நல்லா இருப்பீங்க" என்றார். அந்த ரொட்டியைத் தின்னாமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லி, ராஜினாமாக் கடிதத்தை மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை அடுப்பில் போட்டுவிட்டு, "அந்தம்மா புருஷனுக்கு என்ன ஆவுங்க?" என்றுதான் கேட்டாள்.

தபாலில் பாடங்கள் வர ஆரம்பித்தன. ஆறு வருடம் என்றார்கள், எனக்கு எட்டு ஆனது. இரண்டு தடவை தோற்றேன். இதற்கிடையில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இங்கேயே தொடர்ந்து இருந்ததைக் காட்ட என்னால் முடிந்தது, மனு தேறியது. பட்டமும் ஒரு வழியாகக் கைக்கு வந்தது. கொழும்பில் நான் ஆசைப்பட்ட வேலையும் கிடைத்தது.

அந்த அக்காவுக்கு, நுவரெலியாவில் பார்த்து இரண்டு மாதம் கழித்து, ஒரு கார்டு போட்டிருந்தேன். குண்டு குண்டான பிள்ளைக் கையெழுத்தில் பதில் வந்தது: "அப்பாவை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்." முதல் பரீட்சை தேறியபோது மறுபடியும் எழுதினேன். அந்தக் கடிதம் என்னிடமே திரும்பி வந்தது. உறையின் குறுக்கே, இந்தப் பெயரில் இப்போது தோட்டத்தில் யாரும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

முழு நேரமா பகுதி நேரமா என்று இன்று பிள்ளைகள் என்னிடம் ஆலோசனை கேட்கும்போது, என் சாமர்த்தியத்தால் சரியான வழியைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. யாராவது ஒரு கடிதத்தை நீட்டிப் படித்துச் சொல்லச் சொன்னால் மட்டும், முதலில் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, மெதுவாகத்தான் படிக்கிறேன்.