டிரையர் திரையில் பழைய நம்பர்

குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எல்லாருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கு மழை இல்லாமலே வரும். அப்படி ஒரு காலையில்தான் நெல் காயவைக்கும் டிரையரின் புரோகிராமைச் சரிசெய்யக் காதர் பாயின் விதைநெல் ஆலையில் போய் இறங்கினேன். களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் ஈர விதைநெல் குவிந்து கிடந்தது.

“ஏம்மா, போன லோடு டிரையர் சூட்டுல வெந்துபோச்சு. முளைக்கவே இல்ல. ஸ்கிரீன்ல மட்டும் சூடு சரியா இருக்குன்னே காட்டிக்கிட்டிருந்துச்சு. இதுவும் போச்சுன்னா அடுத்த பட்டத்துக்கு சனங்க விதைக்கு எங்க போவாங்க?” என்றார் பாய்.

பார்த்தேன். டிரையரின் சூட்டை அளந்து சொல்வது ஒரு பேக்ரவுண்ட் சர்வீஸ்; தனிக் கம்ப்யூட்டரில், கண்ணில் படாமல் ஓடுவது. அது வெப்சாக்கெட் என்ற விடாத இணைப்பு வழியாக அனுப்பும் எண்ணை ஆபரேட்டர் செல்வத்தின் திரை காட்டும். யூபிஎஸ் இருந்ததோ திரைக்கு மட்டும். கரண்ட் போனால் சர்வீஸ் படுத்துவிடும். திரை கடைசி எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். சர்வீஸ் மறுபடி எழுந்தாலும் திரை அதோடு போய்ச் சேராது. யார் எழுதிய புண்ணியமோ!

பழைய புரோகிராமைத் தூக்கிவிட்டு ஒரு டைப்டு கிளையண்ட் லைப்ரரியைப் போட்டேன். எந்தச் செய்தி எந்த வடிவத்தில் வரும், இணைப்பு என்னென்ன நிலையில் இருக்கும் என்பதெல்லாம் அதில் வகை வகையாக முன்பே எழுதியிருக்கும். ஒன்றை விட்டாலும், எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் விடாது. இணைப்பு அறுந்தால் என்ன செய்வாய் என்று சிவப்புக் கோடு போட்டு உட்கார்ந்துகொண்டது.

எங்கள் தஞ்சாவூர் ஆபீசிலிருந்து மேனேஜர் சங்கர் போன் செய்தார். “மேடம், நெல்லு நனையுதுங்கிறாங்க. ‘எனி’ போட்டு ஓட்டி விட்டுடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்.”

‘எனி’ என்றால், எது வந்தாலும் கேள்வி கேட்காதே என்று கம்பைலரின் வாயை அடைப்பது. எனக்குச் சுருக்கென்றது. “கேள்வி கேக்க ஆள் இல்லாமத்தான் சார் போன லோடு வெந்துச்சு” என்று போனை வைத்தேன்.

நேரே பாயிடம் போனேன். “பாய், தகவல் வராதப்ப ஸ்கிரீன்ல என்ன காட்டட்டும்?”

அவர் யோசிக்கவே இல்லை. “தெரியலன்னா தெரியலன்னு போடும்மா. நம்பரே வேணாம். நல்லா சத்தமும் குடு.”

அப்படியே எழுதினேன். சிவப்புக் கோடு மறைந்தது, டிரையரில் நெல் ஏறியது. மத்தியானம் கரண்ட் போனது. எண் அழிந்து ‘தெரியவில்லை’ என்று வந்தது, திரையோடு யூபிஎஸ்ஸில் மாட்டிய சைரன் அலறியது. கரண்ட் இல்லாமலும் எரிந்துகொண்டிருந்த உமி அடுப்பைச் செல்வம் ஓடிப்போய்த் தணித்தார். ஜெனரேட்டர் ஓடியதும் திரை தானாகவே சர்வீஸோடு சேர்ந்து புது எண்ணைக் காட்டியது. சூடு எல்லை தாண்டவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சிவப்புக் கோட்டைப் பார்த்து எரிச்சல்படுங்கள், நானும் படுகிறேன். ஆனால் வாயை அடைப்பதற்கு முன், அது கேட்பதை உரியவரிடம் போய்க் கேட்டுவிடுங்கள்.

சில நாள் கழித்துப் பாய் கூப்பிட்டனுப்பினார். அந்த லோடிலிருந்து எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்திருந்த விதையை என் முன்னால் பிரித்தார். வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது.

“அத்தனையும் உசுரோட இருக்கும்மா” என்றார்.